புழுவுக்கும் தக்காளிக்கும் நடுவில் ஒரு வரப்பு

வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று ஊருக்கே கேட்கும்படி என் பெயரைக் கூப்பிட்ட என் மாதம்மாள் அக்காவுக்கு,

உங்களை நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது முறைக்காக. என் வீட்டுக்காரருக்கு நீங்கள் அண்ணி, எனக்கு ஓரகத்தி. நாம் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்தால் வீடு தாங்காது என்று பயந்துதான் மாமனார் நிலத்தை இரண்டாகப் பிரித்து நடுவில் வரப்புப் போட்டார். அதன் பிறகு சண்டை போடுவதற்குக்கூட நாம் அந்த வரப்புக்குத்தான் வந்தோம். சண்டை போட்டுக்கொண்டே ஒட்டிக்கொண்டோம் என்பதைப் பார்க்காமலே அவர் போய்விட்டார்.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு பொங்கல் முடிந்துவிட்டது. யாராவது சேதி கொண்டுவந்தால், “நல்லதச் சொல்லு மொதல்ல, கெட்டது எங்க ஓடிடப் போவுது” என்பீர்கள். அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் செந்தில் ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து உங்கள் நிலத்தை அவனே பார்க்கிறான். உங்கள் மருமகள் பாலக்கோட்டில் வேலைக்குப் போகிறாள். பேத்திக்கு முன்பல் இரண்டும் விழுந்து முளைத்துவிட்டது, வாய் மட்டும் உங்கள் வாய். உங்கள் கொழுந்தனாருக்கு இடுப்பு வலி அப்படியே இருக்கிறது. லாரி ஓட்டித் தேய்ந்த இடுப்பு, இனி வேலைக்கு ஆகாது என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

இனி கெட்டது. என் பட்டுப்புழு ஷெட் காலியாகக் கிடக்கிறது. திங்கட்கிழமை உங்கள் நிலத்தைச் சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட செந்தில் கையெழுத்துப் போடப் போகிறான். நான் சம்மதம் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு போடப் போகிறான். நான் சொல்லவில்லை அக்கா. இல்லை என்றும் சொல்லவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும். யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லட்டும்.

படிக்கிறவர்களுக்கு நம் காடு எப்படி இருந்தது என்று தெரியாது. உங்கள் பங்கு மேற்கே, என் பங்கு கிழக்கே. நம் மாரண்டஹள்ளிப் பக்கத்துக் காற்று ஆடியில் மேற்கிலிருந்து வந்தால் தலையில் கட்டிய துண்டு நிற்காது. என் பங்கில் மல்பெரி. தழையை வெட்டி ஷெட்டில் புழுவுக்குப் போட வேண்டும். புழு தின்றது போக மிஞ்சும் குச்சியும் கழிவும் வரப்பைத் தாண்டி உங்கள் மாட்டுக்கு வரும். உங்கள் மாட்டுச் சாணி வரப்பைத் தாண்டி என் மல்பெரிக்கு வரும். அதில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. கூடை திரும்பி வரவில்லை என்றால்தான் சத்தம் வரும்.

உங்கள் பங்கில் ரோட்டோரமாகத் தக்காளி. என் வரப்பை ஒட்டி மட்டும் ஒரு பட்டை கேழ்வரகு, ஓரத்தில் துவரை. மார்க்கெட் போகிற தக்காளியை விட்டுவிட்டு எதற்கு இந்தக் கேழ்வரகு என்று எல்லோரும் உங்களைக் கிண்டல் செய்தோம். மாட்டுக்குத் தாள் வேண்டும், உங்களுக்கு ராத்திரி களி வேண்டும். அதற்கு மேல் உங்களிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. இப்போது யாராவது வந்து உங்களைப் பெரிய விஞ்ஞானி என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள், எனக்குத் தெரியும்.

ஆனால் அந்தக் கேழ்வரகுப் பட்டைதான் என் புழுவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. தக்காளிக்கு அடிக்கும் மருந்து காற்றில் வந்து அங்கேயே தங்கிவிடும், என் தழைக்கு வராது. அதோடு மருந்து அடிப்பதற்கு முதல் நாள் நீங்கள் வரப்பில் வந்து நிற்பீர்கள். “ஏ ராஜீ, தழைய வெட்டி உள்ள போட்டுக்கோ, நாளைக்கு மருந்து!” என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு அரிவாளை எடுப்பேன். நாம் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடா அது? களி, மாடு, உங்கள் தொண்டை மூன்றும் சேர்ந்து அப்படி அமைந்துவிட்டது.

நீங்கள் போனதும் முதலில் போனது மாடு. அதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். மருமகள் விடிந்ததும் பஸ் பிடிக்க வேண்டும், செந்திலுக்குப் பால் கறக்கத் தெரியாது, எனக்கு ஷெட் வேலையே தலைக்கு மேல். மாடு போனதும் தாள் தேவையில்லை. தாள் தேவையில்லை என்றால் கேழ்வரகு எதற்கு? வீட்டில் களி தின்ன ஆளும் இல்லை, ரேஷன் அரிசி இருக்கிறது. அந்தப் பட்டையிலும் செந்தில் தக்காளி வைத்தான். நானே நாற்றுக்குக் குச்சி ஊன்றிக் கொடுத்தேன். பச்சையாக வரப்பு வரைக்கும் வந்து நின்ற செடியைப் பார்த்து, பரவாயில்லையே, பையன் காட்டை நிரப்பிவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த ஆடியில் புழு கூடு கட்டப் போகிற பருவம். அந்தச் சமயத்தில் ஷெட் கதவைத் திறந்தால் தழை தின்கிற சத்தம் தூறல் மாதிரி கேட்கும், உங்களுக்குத் தெரியும். கதவைத் திறந்தேன், சத்தமில்லை. புழு எல்லாம் தலையை ஆட்டி ஆட்டிப் பச்சையாகக் கக்கிக்கொண்டிருந்தது. செந்தில் மருந்து அடிக்கப் போவதை எனக்குப் போனில் குரல் பதிவாக அனுப்பியிருந்தான். சரியாகத்தான் அனுப்பியிருந்தான். நான் தழையும் வெட்டி வைத்திருந்தேன். ஆனால் இப்போது தக்காளி வரப்பிலேயே நிற்கிறது, காற்று நேராக என் தோட்டத்துக்கு வருகிறது, இரண்டு நாள் கழித்து வெட்டிய தழையிலும் விஷம் இருந்திருக்கிறது.

நான் கத்தினேன் அக்கா. என் வாய் உங்களுக்குத் தெரியாததா? செந்தில் கூடையை எடுத்து வந்தான். செத்த புழுவை என்னோடு சேர்ந்து அள்ளிக் குழியில் கொட்டினான். கொட்டிவிட்டு ஒரு வார்த்தை சொன்னான்.

“இனிமே அந்த டப்பாவத் தொடமாட்டேன் சின்னம்மா. எங்கம்மாவ முழுங்குனது போதும்.”

உங்கள் நுரையீரல் அப்படிப் போனதற்கு, முதுகில் டேங்க் கட்டிக்கொண்டு நீங்கள் அத்தனை வருஷம் அடித்த மருந்துதான் காரணம் என்று அவன் நம்புகிறான். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது. வாயில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு நீங்கள் செடிக்கு நடுவில் போவது மட்டும் கண்ணில் நிற்கிறது. 

சொன்னபடியே விட்டான். விஷமில்லாத தக்காளி என்று பெங்களூரில் ஒரு கடைக்குப் பேசிக்கொண்டான். சாணிக் கரைசல், பூண்டு, மிளகாய் என்று என்னென்னவோ ஊற வைத்தான். ஒரு மாதம் நம் காட்டுப் பக்கம் யாரும் மூக்கைப் பிடிக்காமல் நடக்கவில்லை. ஒரு நாள் உங்கள் பேத்தி செடியிலிருந்து பழத்தைப் பறித்து, பாவாடையில்கூடத் துடைக்காமல் கடித்தாள். “ஏய், துப்புடி!” என்று நான் ஓடினேன். “கழுவ வேண்டாம் ஆயா, அப்பா சொல்லிட்டாரு” என்று சாறு முழங்கை வரைக்கும் வழிய நின்றாள். நம் பிள்ளைகள் ஒருவரையாவது நாம் செடியில் பறித்துத் தின்ன விட்டிருக்கிறோமா? கையைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டுத்தானே வளர்த்தோம்? அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் பார்த்திருக்க வேண்டும் அக்கா.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதை. புரட்டாசியில் மறுபடி புழு எடுத்தேன். காய்ப்புழு வந்து தக்காளியைத் துளைக்கிறது என்று செந்தில் ஒரு இயற்கை மருந்து வாங்கி அடித்தான். இயற்கை மருந்துதானே, சின்னம்மாவிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தாலும் நான் தழை வெட்டி வைத்திருக்க மாட்டேன். விஷமே இல்லாத மருந்துக்கு யாராவது பயப்படுவார்களா?

புழு கக்கவில்லை, துடிக்கவில்லை. அப்படியே விறைத்து, கறுத்து, குழைந்து போனது. பட்டு ஆபீசிலிருந்து வந்த அதிகாரி அம்மா ஒரு புழுவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் என்ன அடித்தார்கள் என்று கேட்டார்.

“இயற்கை மருந்துதாங்க. விஷம் கெடையாதுங்க” என்றேன்.

செந்தில் பாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அந்த அம்மா படித்துப் பார்த்துவிட்டு அவனைக் கோபிக்காமல்தான் சொன்னார். “தம்பி, இது காய்ப்புழுவுக்கு நோய் குடுக்கற கிருமி. மனுசனுக்கு ஒண்ணும் ஆகாது, மாட்டுக்கு ஆகாது. புழுவுக்கு மட்டுந்தான். உங்க சின்னம்மா வளக்கறதும் புழுதானே?”

அவன் அப்படியே ஷெட் வாசலில் உட்கார்ந்துவிட்டான். “நல்லதுன்னுதானே அடிச்சேன்” என்று அழுதான். முதல் தடவை அவனைப் பார்த்துக் கத்தினேன், இப்போது? யாரைப் பார்த்துக் கத்துவது? வேப்பெண்ணெய் அடிக்கலாமா என்று கேட்டேன். அந்த வாசம் பட்ட தழையையும் புழு தொடாது என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். தக்காளியில் புழுவைச் சாகடிக்காமல் தக்காளி இல்லை. என் ஷெட்டில் புழுவைச் சாகவிட்டால் நான் இல்லை. நடுவில் இருப்பது ஒரு முழ வரப்பு.

ஒரு நாள் சாயங்காலம் செந்தில் ஷெட் தரையில் சாக்பீஸால் ஒரு படம் போட்டான். மாடு என்று எழுதி ஒரு கோடு, தாள் என்று எழுதி ஒரு கோடு, கேழ்வரகு, தக்காளி, காற்று, தழை, புழு, புழுக்கழிவு. கடைசிக் கோடு சுற்றிக்கொண்டு வந்து மறுபடி மாட்டிடமே முட்டியது.

“இது ஒரு சிஸ்டம் சின்னம்மா. கம்பெனில இதத்தான் படிச்சுப் படிச்சுச் சொல்லுவாங்க. ஒரு எடத்துல கை வெச்சா வேற எங்கியோ ஆடும். நான் மாட்ட வித்தேன் பாருங்க, அங்க ஆரம்பிச்சுது.”

“அப்ப ஒங்கம்மா செத்ததுல ஆரம்பிச்சுதுன்னு சொல்லு” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவன் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டான்.

அவன் கம்பெனியில் ஒரு சின்ன ஆணி குறைந்தாலும் மணி அடிக்குமாம், வேலை மொத்தமும் நிற்குமாம், எல்லோரும் ஓடிவந்து என்ன குறை என்று பார்ப்பார்களாம். காட்டில் எங்கே நிற்கிறது? ஒன்று குறைந்தால் அது பாட்டுக்கு இன்னொருத்தர் தலையில் போய் விழுகிறது. விழுந்தவருக்கும் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. தெரிந்த பிறகு என்ன செய்வது என்று அந்தப் படத்தில் இல்லை. அதைக் கழுவிவிட எனக்கு மனசு வரவில்லை, செருப்பு பட்டுப் பட்டு அதுவே அழிந்துபோனது.

ஒன்றும் செய்யாமல் இருந்தோம் என்று நினைக்காதீர்கள். வரப்பு நீளத்துக்கும் பச்சை வலை கட்டினோம். காற்று கிழித்துப் புளியமரத்தில் மாட்டிவிட்டது. அகத்தி வைத்தோம், அது வளர்ந்து மறைக்கக் காலமாகும், வளர்ந்தால் தக்காளிக்கு நிழலடிக்கும். பழையபடி ஒரு பட்டை கேழ்வரகே போடலாம் என்று செந்திலே சொன்னான், போட்டான். கதிர் பால் பிடித்ததும் காட்டுப்பன்றி வந்து ஒரே நாளில் துடைத்துவிட்டுப் போனது. உங்கள் காலத்தில் பன்றி வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. அப்போது ஊரெல்லாம் கேழ்வரகு இருந்தது, எல்லோர் காட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் தின்றுவிட்டுப் போனது. இப்போது வடக்கே பிளாட் கல் நட்டிருக்கிறார்கள், தெற்கே குடைமிளகாய்க்குப் பிளாஸ்டிக் கூடாரம். சுற்றுவட்டாரப் பன்றிக்கெல்லாம் நம் பட்டை ஒன்றுதான் பந்தி.

பத்தாவது வரை படித்தவள், மகளிர் குழுவில் நாலு பேருக்குக் கணக்குச் சொல்கிறவள் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. எந்தச் சிக்கலுக்கும் ஒரு நுனி இருக்கும், அதைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் எந்த நுனியை இழுத்தாலும் இன்னொரு பக்கம் இறுகுகிறது. ராத்திரி இவரிடம் புலம்பினால், “தூங்கு புள்ள, ஒன்னாலயா ஒலகம் சுத்துது” என்கிறார். அதுதான் எனக்கும் கவலை. என்னால் ஒன்றுமே ஆகவில்லை.

அப்போதுதான் சோலார் வந்தது. உங்கள் நிலத்துக்கு மேற்கே இருக்கிறவர்கள் எல்லாம் கொடுத்துவிட்டார்கள். உங்களுடையதும் சேர்ந்தால் அவர்களுக்கு ஒரே சதுரமாக வருமாம். செந்தில் என்னிடம் வந்து நின்றான்.

“தக்காளிய வுட்டுடறேன் சின்னம்மா. பேனல் போட்டுட்டா அந்தப் பக்கம் மருந்துங்கற பேச்சே கெடையாது. ஒங்க புழு பொழைக்கும். நான் திரும்ப ஓசூருக்கே போயிடறேன், எடுத்துக்குவாங்க.”

“ஒனக்கு இஷ்டமாடா?”

“எனக்கு இஷ்டமில்ல. ஆனா நான் நல்லது பண்றேன்னு ஒங்க வூட்டு அடுப்ப அணைக்க முடியாதுங்க. நீங்க சம்மதம்னு சொன்னாத்தான் கையெழுத்து. வேணாம்னா வேணாம்.”

என் வீட்டு அடுப்பு என்று அவன் சொன்னது பொய்யில்லை. இவர் இடுப்பு படுத்த நாளிலிருந்து இந்த ஷெட்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. மகளைக் கட்டிக்கொடுத்ததும் இதில்தான். மல்பெரியைப் பிடுங்கிவிட்டு வேறு என்ன வைத்தாலும் பலன் வர நாளாகும், அதுவரை என்ன தின்பது? இவருக்கோ சந்தேகமே இல்லை. “கண்ணாடிக்குப் பூச்சி புடிக்காது. நம்ம மோட்டரு எதுல ஓடுது, ஒன் ஷெட்டுல ஃபேன் எதுல ஓடுது? கரண்ட்டும் வேணும்தான?” என்கிறார். அவர் சொல்வதும் சரி. கோடையில் கரண்ட் போய்ப் புழு வேகும்போது கரண்ட் ஆபீஸைத் திட்டாத திட்டு திட்டியவள் நான்தான்.

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? விஷம் அடித்த உங்கள் தக்காளி இருந்தது, என் புழு பிழைத்தது. விஷமில்லாத தக்காளி வந்தது, என் புழு செத்தது. இனி உங்கள் நிலத்தில் ஒன்றுமே விளையவில்லை என்றால்தான் என் புழு நன்றாக இருக்கும். இப்படி ஒரு கணக்கை யார் போட்டது அக்கா? யோசித்துச் சொல்கிறேன் என்று அவனிடம் சொன்னேன். யோசித்தேன், யோசித்தேன், தையும் பிறந்துவிட்டது.

போன புதன்கிழமை மதியம் கம்பெனி ஆள் ஒருவர் நிலத்தை அளக்க வந்தார். செந்தில் மார்க்கெட்டுக்குப் போயிருந்தான், இவரும் வீட்டில் இல்லை. தெற்கத்திப் பேச்சு, செந்தில் வயசுதான் இருக்கும். சட்டை முதுகோடு ஒட்டிப்போய், முகம் செத்துப்போய் வந்து, “அம்மா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்றார்.

“தண்ணி இருக்கட்டுங்க. சாப்ட்டீங்களா?”

“இல்லம்மா. காலையில டீதான் குடிச்சேன்.”

சோறு இருந்தது, அவரைக்காய்க் குழம்பு இருந்தது. ஷெட் நிழலில் உட்கார வைத்துப் போட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார். வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு வெகுநாள் ஆகிறது என்று அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னார். நல்ல பையன். அவர் எழுந்து கை கழுவிக்கொண்டிருக்கும்போது செந்தில் பைக்கில் வந்து இறங்கினான். கழுவுகிற கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவரைக் கூட்டிக்கொண்டு மேற்கே நடந்தான். நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது, வேலிப் பக்கம் அவன் சொல்வது கேட்டது.

“திங்கக்கெழம வெச்சுக்கலாம் சார். சின்னம்மா ஒத்துக்கிட்டாங்க.”

தட்டு கையில் நின்றுவிட்டது அக்கா. நம் பக்கத்தில் பெண் பார்க்கப் போனாலும் நிலம் பேசப் போனாலும் பேச்சு முடியாமல் கை நனைக்க மாட்டார்கள். அந்த வீட்டில் சாப்பிட்டால் சம்மதம், சாப்பாடு போட்டாலும் சம்மதம். செந்திலுக்குப் பெண் பார்க்க அதியமான்கோட்டை போனபோது, உள்ளே பாயசம் கொதிக்கிற வாசத்தில் நீங்கள் எச்சில் விழுங்கிக்கொண்டே வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்து, ஹைவே ஓரத்துக் கடையில் திருடி மாதிரி திரும்பி நின்று போண்டா தின்றீர்கள். அந்தத் தெற்கத்திப் பையனுக்கு இது எதுவும் தெரியாது, அவர் பசிக்குத் தின்றார். செந்திலுக்குத் தெரியும், அவன் நீங்கள் வளர்த்த பிள்ளை. நான் வாயால் சொல்ல முடியாததைச் சோற்றால் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான்.

அப்போதே ஓடிப்போய் இல்லையடா என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அதைத்தான் இந்த மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் அப்படிச் சொன்னதைக் கேட்டதும் நெஞ்சு திக்கென்றது உண்மை. கூடவே ஓர் ஓரத்தில் நிம்மதியாக இருந்ததும் உண்மை. முடிவு என் வாயிலிருந்து வராமலே முடிந்துவிட்டது என்று ஒரு நிம்மதி. மறுநாள் காலையில் என்னையறியாமல் ஷெட் தட்டுகளை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டுப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன், அடுத்த புழுவுக்கு. பாதியில் தெரிந்தது நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அந்தச் சோற்றைப் போடும்போது எனக்குத் தெரியாமலா இருந்தது? நம் வழக்கம் எனக்கு மறந்துவிட்டதா? பசித்த முகத்தைப் பார்த்தேன், போட்டேன், அவ்வளவுதான் என்று சத்தியம் செய்யத் தயார். ஆனால் செந்தில் அன்றைக்கு வந்திருக்காவிட்டால் நான் இதையெல்லாம் இவ்வளவு யோசித்திருப்பேனா என்று தெரியவில்லை. நீங்கள் இருந்தால் என் முகத்தைப் பார்த்து ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவீர்கள். நீங்கள் இருந்திருந்தால் இது எதுவுமே வந்திருக்காது என்பது வேறு விஷயம்.

செந்தில் நேற்றே தக்காளிக் குச்சிகளைப் பிடுங்கிக் கட்ட ஆரம்பித்துவிட்டான். காய் இருக்கும்போதே பிடுங்குகிறான். பக்கத்தில் போனேன். “இருக்கற வரைக்கும் பறிச்சுக்கலாமேடா” என்றேன். “வேணாங்க சின்னம்மா, பாத்துக்கிட்டே இருந்தா மனசு மாறிடும்” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் ஒரு கட்டுக் குச்சியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. காலையில் மோட்டார் போட வருவான். வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அந்த ஆள் பசியோடு வந்தார், நான் சோறு போட்டேன், அதற்கு வேறு அர்த்தம் இல்லை என்று சொல்வேன். “அப்ப என்ன பண்ணட்டும் சின்னம்மா?” என்று கேட்பான். கேட்காமல் இருக்க மாட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தக்காளியே வை என்று சொன்னால் என் ஷெட்டை நான் பூட்ட வேண்டும். கொடுத்துவிடு என்று சொன்னால் உங்கள் காட்டில் உங்கள் பேத்தி பறிக்க ஒன்றும் இருக்காது. இரண்டும் வேண்டும் என்று சொல்ல எனக்கு ஆசை, அதற்கு வழி எனக்குத் தெரியவில்லை, இதைப் படிக்கிற யாருக்கும் தெரியுமா என்றும் தெரியவில்லை.

பதில் இல்லாமலே போய்ச் சொல்லப் போகிறேன். அவன் என்னைப் பார்ப்பான், நான் அவனைப் பார்ப்பேன், இரண்டு பேரும் தெரியாமல் நிற்போம். நின்றுகொள்கிறோம். கடைசியில் கொடுப்பதென்று ஆனால், கொடுடா என்று என் வாயால் சொல்கிறேன், அந்தப் பேச்சு காலத்துக்கும் என் மேல் நிற்கட்டும். ஷெட்டைப் பூட்டுவதென்று ஆனாலும் என் கையால் பூட்டுகிறேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. பசித்து வந்தவருக்கு ஒரு வாய் சோறு போட்டுவிட்டு, அதற்குக் கூலியாக உங்கள் நிலத்தை வாங்கிக்கொள்ள மாட்டேன் அக்கா.

ஓரகத்தியாக வந்து உங்களுக்குத் தங்கச்சியாகிப்போன,
ராஜி